திருப்பிக் கிடத்துகிற சிஸ்டர்

முதலில் கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பார். பெயர் என்ன, யாருக்குத் துணையாகக் கூட்டிருப்பு என்ற விசாரணையெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாள், அழுது முகம் வீங்கிப்போய்க் கட்டிலருகே நின்றிருந்தேன். சிஸ்டர் வந்து என் வலது கையைத் தூக்கினார். ஆறுதல் சொல்லத்தான் பிடிக்கிறார் என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் விசும்பினேன். அவர் என் கையைத் தன் மூக்கருகே கொண்டுபோய், "மீன் கழுவின கை. போய் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுட்டு வா, கொச்சே. அழுகை பின்னே ஆகாம்," என்றார்.

கொச்சே என்றால் குழந்தாய் என்று அர்த்தம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருந்தால் அதிகம். ஆனால் எல்லோரும் அவருக்குக் கொச்சுதான். என் மாமனார் மட்டாஞ்சேரிக் கடைவீதியில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் தோளில் கிடக்கிற துண்டை இறக்குவார்கள். அவரையே ஒருநாள், "கொச்சே, வெளிச்சம் மறைக்குது, தள்ளி நில்லு," என்று சொல்லிவிட்டார். மாமா தள்ளித்தான் நின்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

சிஸ்டருக்குத் தெற்கே எங்கோ மலையோரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நர்ஸ் படிப்பு மதுரைப் பக்கம். அதனால் தமிழ் பேசுவார், மலையாளத்தைக் கலந்து. நாங்கள் மட்டும் என்ன சுத்தத் தமிழா பேசினோம்? ராவுத்தர் வீட்டுத் தமிழோடு கொச்சித் தண்ணீரும் சேர்ந்து எப்போதோ வேறொன்றாகிவிட்டது. பேச்சில் எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை.

என்ன நோய் என்று சொல்லிவிடுகிறேன். இவர், அதாவது என் வீட்டுக்காரர், கடையில் வற்றல் மிளகாய் மூட்டை இறக்குகையில் துருப்பிடித்த ஆணி ஒன்றை மிதித்துவிட்டார். மஞ்சள் வைத்துக் கட்டினோம். காயமும் ஆறிவிட்டது. ஆறிவிட்டதே என்று அசந்திருந்தபோது ஒருநாள் காலையில் சாயா குடிக்க வாய் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் உடம்பு வில்லாக வளைந்தது. ரண ஜன்னி. மூச்சு அடைத்துப்போகிறது என்று டாக்டர் கழுத்தில் துளை போட்டு ஓர் உலோகக் குழாய் வைத்தார். அது அறுபதுகளின் நடுவில். இப்போது மாதிரி மூச்சை வாங்கி விடுகிற மெஷின் எதுவும் அங்கே கிடையாது. காலால் மிதித்துச் சளி இழுக்கிற ஒரு பம்பு, ஆவி பிடிக்க இரண்டு கெட்டில், அப்புறம் சிஸ்டர். இவ்வளவுதான்.

ஜன்னிக்காரர்களுக்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாது. ஆண்கள் வார்டின் கோடியில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய ஓர் அறை இருந்தது. அதில் இரண்டே கட்டில். ஒன்றில் இவர். இன்னொன்றில் வள்ளத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற ஒரு பையன். மீசை அரும்பிய வயது. அவனுக்கும் இதே நோய், இதே மாதிரிக் கழுத்தில் குழாய். அவனுக்குக் கூட்டிருப்பு அவன் அம்மா. பாண்டிகசாலையில் சுக்கும் இஞ்சியும் பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை. நான் அவளைச் சேச்சி என்றேன். அவளுக்கு வேறு ஆள் கிடையாது, அவனுக்கும் வேறு ஆள் கிடையாது.

கை முகர்கிற விஷயத்தில் சேச்சிதான் ரொம்பப் பட்டாள். எத்தனை தடவை கழுவினாலும் இஞ்சி வாசம் போகாது. சிஸ்டர் திரும்பத் திரும்ப அனுப்புவார். அவளும் வாய் பேசாமல் போய்க் கழுவிவிட்டு வந்து கையை நீட்டுவாள். ஒருநாள் சிஸ்டரே அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தன் கையால் தேய்த்துக் கழுவினார். பிறகு முகர்ந்தார். "சரி, இது தோலுக்குள்ள போயாச்சு. இது அழுக்கில்ல. மதி, கழுவினது போதும்," என்றார். அன்றுமுதல் இஞ்சி வாசம் இல்லாவிட்டால்தான், "எந்தா, வேற யார் கையாவது வாங்கிட்டு வந்தியா?" என்று கேட்பார்.

வார்டில் அவருக்குத் 'திருப்பிக் கிடத்துகிற சிஸ்டர்' என்றே பெயர். இரண்டு மணிக்கொரு தடவை வருவார். மயக்க ஊசி போட்டு, அது வேலை செய்து உடம்பு தளர்கிறவரை காத்திருப்பார். அப்புறம் நாங்கள் இருவரும் சேர்ந்து இவரை ஒரு பக்கமாகத் திருப்புவோம். முதுகுக்குத் தலையணை கொடுத்து, முழங்காலுக்கிடையே துணியை மடித்து வைத்து, உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரிக் குவித்து முதுகில் தட்டுவார். இடுப்புக்கு மேலே தொடங்கித் தோள்வரை. பொத், பொத் என்று அந்தச் சத்தம் கேட்கும்.

"சளிக்குக் கால் கிடையாது, கொச்சே. நாமதான் நடத்திக் கூட்டிட்டுப் போகணும்," என்பார்.

தட்டிய பிறகு சிவப்பு ரப்பர் குழாயைக் கழுத்துக் குழாய்க்குள் விட்டுச் சளியை இழுக்க வேண்டும். அப்போது சிஸ்டர் தன் மூச்சைப் பிடித்துக்கொள்வார். கன்னம் இறுகும், முகம் சிவக்கும். தனக்கு மூச்சு முட்டியதும் ரப்பர் குழாயை வெளியே எடுத்துவிடுவார். ஏன் அப்படி என்று கேட்டேன். "நான் இழுக்கும்போது அவருக்குக் காற்று இல்லை. எனக்கு முட்டும்போது அவருக்கும் முட்டும். வேற எப்படித் தெரியும்?" என்றார். அதை என்னமோ உப்புப் பார்க்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்.

கழுத்துக் குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாய் இருக்கும். அதை மட்டும் கழற்றி, சோடா உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துணித் திரியால் உள்ளே துடைத்து, கொதிக்கவைத்து மறுபடி மாட்ட வேண்டும். இல்லையென்றால் சளி காய்ந்து உள்ளே அடைத்துக்கொள்ளும். கழுத்துக் குழாயின் வாயில் ஈர மல்துணி போட்டிருக்க வேண்டும், அதுவும் காயக் கூடாது. மேடமாச வெயில், துணி போட்ட கொஞ்ச நேரத்தில் முறுகிவிடும். சேச்சி சதுரம் சதுரமாக மல்துணி வெட்டி மடித்து அடுக்கிக்கொண்டே இருப்பாள். சிஸ்டர் இதையெல்லாம் எங்கள் இருவருக்கும் செய்துகாட்டினார், செய்யவும் விட்டார். சேச்சி வெடுக்கென்று பிடித்துக்கொண்டாள். நான் கை நடுங்கி நடுங்கிச் செய்தேன். சிஸ்டர் பக்கத்தில் நின்றால் வரும். அவர் நகர்ந்தால் எனக்கு எல்லாம் மறந்துபோனது போல இருக்கும்.

மாமி தினமும் பகலில் வருவார். பிள்ளை முதுகில் தட்டுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது. ஒருநாள் கட்டிலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இப்பத்தான் கண்ணசந்திருக்கான். பெத்தவ கேக்குறேன், கொஞ்சம் அப்படியே கிடக்கட்டும் விடும்மா."

"கிடந்தா கிடந்தே போகும், உம்மா."

"என்ன பேச்சு இது? ஏற்கெனவே செத்துக்கிட்டிருக்கிற பிள்ளைய அடிக்கிறதுக்கா ஆஸ்பத்திரி?"

"ஜன்னியில சாகிறவங்களை நான் தடுக்க முடியாது. அது மருந்தும் கர்த்தரும் பார்த்துக்கொள்ளும். ஜன்னி விட்டுப்போன பிறகு நெஞ்சில சளி கெட்டிச் சாகிறவங்க இருக்காங்களே, அது என் கணக்கு. முதுகு அழுகிச் சாகிறது என் கணக்கு. அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். உம்மா அந்தப் பக்கம் பிடிக்கணும்."

மாமி முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். வீட்டுக்குப் போய், "நாக்கு வாளுதான், ஆனா கை பஞ்சு," என்று மாமாவிடம் சொன்னாராம். அந்தப் பேச்சில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அந்தக் கை நம் பிள்ளைக்கே இருக்கட்டும் என்று மாமாவுக்குத் தோன்றியிருக்கிறது. தகப்பனுக்குத் தோன்றாமல் யாருக்குத் தோன்றும்?

ஆஸ்பத்திரியில் பே வார்டு என்று, காசு கட்டித் தங்குகிறவர்களுக்குத் தனி அறைகள் இருந்தன. ஸ்பெஷல் நர்ஸ் என்ற வழக்கமும் இருந்தது. கேட்டால், ஒரே நோயாளிக்கு ஒரு நர்ஸைத் தனியாக விடுவார்கள். பெரிய டாக்டருக்கு மாமாவைத் தெரியும். பேசி முடித்துவிட்டு வந்தார். இவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு பே வார்டுக்குப் போனோம். கறுப்புத் துணி கட்டினார்கள், கெட்டில் வந்தது. பகல் டியூட்டி முழுக்க சிஸ்டர் எங்களுக்கு.

சிஸ்டர் மாமாவிடம் பேசினார். அன்றைக்கு அவரைக் கொச்சே என்று கூப்பிடவில்லை.

"சாரே, இந்தப் பெண்ணுக்கு எல்லா வேலையும் தெரியும். நான் இடையில வந்து பார்த்தா மதி. அங்கே இன்னொரு ஆள் கிடக்குது."

"அங்க வேற நர்சு போட்டிருக்காங்கல்ல?"

"போட்டிருக்காங்க. அவளுக்கு வார்டு முழுக்கப் பார்க்கணும்."

"அது ஆஸ்பத்திரிக்காரங்க பாடு. இவ வீட்டுப் பொம்பள, இவளுக்கு என்ன தெரியும்? நீங்கதான் இருக்கணும். பெரிய டாக்டரே சொல்லிட்டாரு."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் மாமனார் முன்னால் மருமகள் வாய் திறப்பதில்லை. ஆனால் வழக்கத்தின் மேல் பழி போட்டுத் தப்பிக்க விரும்பவில்லை. வாய் திறக்கிற வழக்கம் இருந்திருந்தாலும் நான் மாமா சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு என்ன தெரியும்? அல்லாவே, இந்த அம்மா போய்விடக் கூடாது என்றுதான் உள்ளுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் எனக்கு உயிர் வந்தது. சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்னும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பே வார்டில் சிஸ்டரைப் பார்க்கவே வேறு ஆள் மாதிரி இருந்தது. உட்கார்ந்து பழக்கமில்லாதவர். திருப்பிக் கிடத்தி, தட்டி, சளி எடுத்து, வாய் துடைத்து, கண்ணுக்கு மருந்து விட்டு, எல்லாம் முடிந்தும் அடுத்த தடவைக்கு நேரம் கிடக்கும். எழுந்து நடையில் போய் நின்று வார்டுப் பக்கம் பார்ப்பார். போய்விட்டு வரவும் முடியாது. ஸ்பெஷல் டியூட்டியில் இருப்பவர் நோயாளியை விட்டு நகரக் கூடாது என்பது சட்டம். ஒருமுறை நகர்ந்தார். சேச்சியின் பையனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது எதிரே மாமா. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய டாக்டர் கூப்பிட்டுக் கண்டித்தார்.

இனி அந்தக் காலையைச் சொல்ல வேண்டும்.

டாக்டர்கள் வார்டைச் சுற்றிப் பார்க்க வரும் நேரத்தில் மணி அடிப்பார்கள். கூட்டிருப்புக்காரர்கள் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். கம்பிக் கதவைச் சாத்தி வாட்ச்மேன் குறுக்கே நிற்பான். அது பொதுவார்டுக்கு. பே வார்டில் இருப்பவர்கள் வெளியேற வேண்டாம். முன்பெல்லாம் அந்த மணி அடித்தால், சிஸ்டர் நேராக அந்த இருட்டறைக்கு வந்து இரண்டு பேருடைய உள்குழாயையும் ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்துவிடுவார். எங்களை வெளியே அனுப்பிவிட்டு அந்த நேரத்தை அவர் எடுத்துக்கொள்வார். யாரும் அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, எங்கேயும் எழுதி வைத்ததுமில்லை.

அன்றும் மணி அடித்தது. எங்கள் நடையிலிருந்து பார்த்தால் கம்பிக் கதவு தெரியும். சேச்சி மற்றவர்களோடு வெளியே வந்து மரத்தடியில் நின்றாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். நமக்கு இப்போது வெளியே போகிற தொல்லை இல்லையே என்று ஒரு நினைப்பு மனசில் ஓடியது. உள்ளே வந்தேன். இவருக்குச் செய்ய வேண்டியதெல்லாம் முடிந்து, வேறு வேலை எதுவும் இல்லாமல், சிஸ்டர் இவருடைய கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஆயா ஓடி வந்தாள். சிஸ்டர் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் ஓடக் கூடாது என்று எல்லோரையும் அதட்டுகிறவர்.

புது நர்ஸ் டாக்டர்களுக்குப் பின்னால் தட்டை ஏந்திக்கொண்டு வார்டின் மறுகோடியில் நின்றிருந்தாள். அது அவள் வேலை. மல்துணி காய்ந்திருக்கிறது, குழாயில் சளி இறுகியிருக்கிறது. பையனுக்குக் கூப்பிடக் குரல் ஏது? கையைத் தூக்க முடியுமா? சிஸ்டர் போய் உள்குழாயைப் பிடுங்கி எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதன் பிறகும் தன் வாயை அந்தக் குழாயில் வைத்து ஊதி ஊதிப் பார்த்தாராம். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டபோது சேச்சி கையைக் கழுவத்தான் முதலில் போனாள். பழக்கம். கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறாள்.

சிஸ்டர் எங்கள் அறைக்குத் திரும்பி வந்தார். முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இவரைத் திருப்புகிற நேரமாகியிருந்தது. "பிடி," என்றார். பிடித்தேன். அவர் கை இன்றைக்குக் கடுமையாக விழும், விழட்டும் என்று நான் காத்திருந்தேன். விழவில்லை. என்றைக்கும்போல அதே குவிந்த கை, அதே பொத், பொத். குனிந்து இவர் முதுகில் காதை வைத்துக் கேட்டார். "நெஞ்சு சுத்தமா இருக்கு," என்றார். அப்போதுதான் அவர் அழுவதைப் பார்த்தேன். நானும் அழுதேன், ஆனால் எனக்கு எதற்காக அழ உரிமை இருக்கிறது என்று தெரியாமல் அழுதேன்.

மத்தியானம் சேச்சி எங்கள் வாசலுக்கு வந்தாள். பையனை எடுத்துப்போக வண்டி வரக் காத்திருந்தாளாம். அவள் கையில் வெட்டி மடித்த மல்துணி அடுக்கு இருந்தது.

"இது உங்க ஆளுக்கு ஆகும்," என்றாள். "எனிக்கு இனி வேண்டா."

நான் வாங்கினேன். வாங்காமல் இருந்திருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம், ஏதாவது ஒன்று சொல்லியிருக்கலாம். வாங்கினேன். அவளுக்கு யார் மேலும் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. சிஸ்டர் எங்களோடு இருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். பணக்காரர்களுக்கு நல்ல நர்ஸ் போவது அவளுக்கு மழை பெய்கிற மாதிரி ஒரு காரியம், அவ்வளவுதான். சிஸ்டர் அந்தத் துணியை என்னிடமிருந்து வாங்கிக் கொதிக்கவைக்கக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் சிஸ்டர் வரவில்லை. பெரிய டாக்டரிடம் போய், வேலையை விட்டு நீக்கினாலும் சரி, வார்டிலிருந்து இனி நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வேறு ஸ்பெஷல் நர்ஸ் கிடைக்க நாளாகும் என்றார்கள். மாமா எர்ணாகுளத்துக்கு ஆள் அனுப்பினார். ஆள் போய் வருகிறவரை இவரை யார் பார்ப்பது? ஊசி போட மட்டும் வேறொருத்தி வந்துபோனாள்.

நேரமாகிக்கொண்டே வந்தது. இவர் நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. மாமி அழத் தொடங்கினார். நான் போய்க் கையைக் கழுவினேன். திரும்பி வந்து, "மாமி, அந்தப் பக்கம் பிடிங்க," என்றேன். திருப்பினோம். தட்டினேன். பம்பை மாமி மிதித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ரப்பர் குழாயை விட்டேன், எனக்கு முட்டியதும் எடுத்தேன். உள்குழாயைக் கழற்றித் துடைத்துக் கொதிக்கவைத்து மாட்டினேன். சேச்சியின் மல்துணியை நனைத்துப் போட்டேன். கை நடுங்கவே இல்லை. ஒன்றுகூட மறக்கவில்லை.

எர்ணாகுளத்திலிருந்து யாரும் வரவில்லை. நான்தான் செய்தேன், இவருக்கு ஜன்னி விட்டு வாய் திறக்கிறவரைக்கும். ஒரு புண் வரவில்லை, காய்ச்சல் வரவில்லை.

கழுத்துக் குழாயை எடுக்கப் போகிறோம் என்று டாக்டர் சொன்ன அன்று, டியூட்டி முடிந்து போகிற வழியில் சிஸ்டர் எங்கள் அறைக்குள் எட்டிப்பார்த்தார். இவரைத் திருப்பச் சொல்லி, முதுகில் இரண்டு பக்கமும் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். முதுகுத் தோலைத் தடவிப் பார்த்தார். குதிகாலைப் பார்த்தார்.

"நான் இருந்தாலும் இதுக்கு மேல செய்திருக்க மாட்டேன், கொச்சே," என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவருக்கு அது வராது. நல்ல வேலையைப் பார்த்தால் நல்ல வேலை என்று சொல்கிறவர், சொன்னார். மாமி பெருமையாக என் முதுகில் கை வைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கையைக் கழுவப் போனேன்.